நான் அறுத்தெடுத்த டப்பா

டர்போ வண்டிக்கு வெளிக் கம்பெனி ஃபியூல் பம்ப் எது போடலாம் என்று பட்டறைத் தம்பிகள் மாதத்துக்கு நாலைந்து பேராவது இன்னும் எனக்குப் போன் செய்கிறீர்கள். பட்டறையை விட்டு ஒதுங்கி வீட்டில் உட்கார்ந்திருக்கிறவனை ஞாபகம் வைத்துக் கேட்பதில் சந்தோஷம்தான். நான் சொல்லும் பதில் உங்களில் பாதிப் பேருக்கு மனப்பாடமாகியிருக்கும். பெட்டி மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கைப் பார்த்து மயங்காதே, அது பம்ப்பைச் சும்மா திறந்துவிட்டு ஓட்டிப் பார்த்த கணக்கு. டர்போ காற்றை அமுக்கித் தள்ளும்போது பெட்ரோலும் அதற்கு ஈடான அழுத்தத்தில் போக வேண்டும், அந்த அழுத்தத்தில் எவ்வளவு தள்ளுகிறது என்று பார். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பம்ப்பின் ஒயர் முனையிலேயே மீட்டரை வைத்துக் கரண்ட் முழுசாக வருகிறதா என்று பார். எத்தனால் கலந்த பெட்ரோலை அதன் ரப்பர் தாங்குமா என்று கேள். பெரிது என்பதற்காகப் பெரிதை வாங்காதே. இவ்வளவையும் ஒப்பித்துவிட்டு, போதுமா என்று கேட்டு போனை வைத்துவிடுவேன்.

போதாது. கடைசியாக ஒன்று பாக்கி இருக்கிறது. அதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை, அதனால் எழுதித் தருகிறேன். படித்துவிட்டு ஆறுதல் சொல்கிறேன் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். வந்தால் கதவைத் திறக்க மாட்டேன்.

கம்பத்தில் உத்தமபாளையம் சாலையில் என் பட்டறை இருந்தது உங்களுக்குத் தெரியும். சுருளிப்பட்டி ஈஸ்வரன் அங்கே இருபது வருட வாடிக்கை. ஊரில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்தார், கம்பம்மெட்டுக்கு மேலே குத்தகைக்கு எடுத்த ஏலக்காய்த் தோட்டம் ஒன்றும் இருந்தது. வாரத்தில் மூன்று நாள் மேலே ஏறி இறங்குகிறவர். பழைய ஜீப்பைக் கொடுத்துவிட்டு, கோயம்புத்தூரில் ஒரு பையன் ஓட்டிக்கொண்டிருந்த டர்போ பெட்ரோல் கார் ஒன்றை வாங்கி வந்தார். அந்தப் பையன் வண்டியின் கம்ப்யூட்டரில் கைவைத்து சக்தியைக் கூட்டியிருந்தான். சக்தி கூடினால் பெட்ரோல் குடிப்பதும் கூடும். பம்ப் மட்டும் பழையது.

புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமாகத்தான் பட்டறைக்கு வந்தார்கள். ஈஸ்வரனின் மனைவி வசந்தா பேச ஆரம்பித்தால் என் ஆட்கள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவார்கள்.

"அண்ணே, மேட்டுல ஏறையில எங்க மாமனார் மாதிரி இருமுது. அவருக்காச்சும் வயசு எம்பதாச்சு. இதுக்கு என்ன கேடு?"

ஈஸ்வரன் அதைச் சுருக்கமாகச் சொன்னார். "மூணாவது கியர்ல அமுக்குனா மூச்சு வாங்குதுண்ணே. கீழ் ரோட்டுல ஒண்ணும் தெரியல."

பெட்ரோல் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டிக்கொண்டு கம்பம்மெட்டு மலைச் சாலையில் இரண்டு வளைவு ஏறினேன். டர்போ பிடிக்கப் பிடிக்க முள் கீழே இறங்கியது. பம்ப்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, இன்றைக்கும் இல்லை. நோயைச் சரியாகத்தான் கண்டுபிடித்தேன்.

பொருள் வாங்கத் தேனிக்குப் போனேன். அங்கே கடைத்தெருவில் ஜாய்ஸ் என்ற பெண் உதிரி பாகக் கடை நடத்துகிறாள். அவள் தாத்தா காலத்துக் கடை. கல்லாவுக்கு மேலே வேத வசனம் தொங்கும், அதற்குக் கீழே அவள் சொல்கிற நம்பர் தப்பாக இருந்து நான் பார்த்ததில்லை. மேஜை மேல் மூன்றைக் காட்டினாள். ஒன்று பார்க்க அசல் மாதிரியே இருக்கும் போலி, அதை அவளே ஒதுக்கிவிட்டாள். இன்னொன்று, பம்ப்பும் அது உட்காரும் டப்பாவும் சேர்ந்த கார் கம்பெனி அசெம்பிளியின் படம். பொருள் கையில் இல்லை, வர வேண்டும். மூன்றாவது நல்ல பெயருள்ள கம்பெனியின் தனி பம்ப். அழுத்தம் ஏற ஏற எவ்வளவு தள்ளும் என்று கோடு போட்ட காகிதமே அதோடு இருந்தது. ஒரு மணி நேரம் அந்தக் காகிதத்தை வைத்து அவளைக் கேள்வி கேட்டுக் கொன்றேன். அந்தப் பம்ப் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தது. எனக்குப் பெண் பார்த்து முடித்த திருப்தி.

"பம்ப் நல்ல பம்ப்தாண்ணே," என்றாள் ஜாய்ஸ். "ஆனா கொஞ்சம் தடிப்பு. அந்த டப்பாக்குள்ள உக்காராது. கம்பெனி அசெம்பிளி பத்து நாள்ல வந்துரும். அவுகளப் பொறுத்துக்கச் சொல்லுங்க."

"டப்பா இல்லாட்டி என்ன? டாங்கில பெட்ரோல் இருந்தா பம்ப் இழுக்கும்."

"அப்ப டப்பா வச்சு அனுப்புன கம்பெனிக்காரன் கிறுக்கனா?"

"நீ கடையப் பாரு ஆத்தா. வண்டிய நான் பாத்துக்கிறேன்."

டப்பா எதற்கு என்று உங்களில் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். டாங்குக்குள் பம்ப் வெறுமனே நிற்பதில்லை. ஒரு சாண் உயரப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் உட்கார்ந்திருக்கும். டாங்கில் பெட்ரோல் குறைந்து, வண்டி முன்னால் சாய்ந்தாலும் பக்கத்தில் சாய்ந்தாலும், அந்த டப்பாவில் தேங்கியிருப்பது பம்ப்பின் வாயை மூடியே வைத்திருக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. இது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். எத்தனையோ பேருக்கு நானே டாங்கைத் திறந்து காட்டிச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

தெரிந்தும் ஏன் செய்தேன் என்பதற்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று, ஈஸ்வரனின் ஒரே மகள் நந்தினிக்கு மதுரையில் நர்சிங் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை கொண்டுபோய் விட வேண்டும். "பாப்பா பெட்டி படுக்கையோட பஸ்ஸுல போறதாண்ணே, ஒரே பிள்ள," என்று ஈஸ்வரன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். இரண்டாவது காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கம்பத்தில் டர்போ வண்டிக்குத் தனி பம்ப் தேர்ந்தெடுத்துப் போடத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்று பேர் வாங்கியிருந்தேன். கம்பெனி அசெம்பிளியை வாங்கி மாட்டுவதற்கு நான் எதற்கு, எவனும் மாட்டுவான்.

வெள்ளிக்கிழமை டப்பாவை அறுத்தெடுத்துவிட்டு, தாங்கியில் பம்ப்பைக் கிளாம்ப் போட்டு இறுக்கினேன். வேலை சுத்தமாக இருந்தது. அதற்குப் பிறகு செய்ததுதான் என்னை இன்னும் கடிக்கிறது. டாங்கு மூடியில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் டாங்கை வழிய வழிய நிரப்ப வேண்டும். நான் கவனமான ஆள், நிரப்பினேன். சொட்டுக் கசிவில்லை. நிரம்பிய டாங்கோடு சனிக்கிழமை காலையில் அவர்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு மெட்டுக்குப் போய்த் திரும்பினேன். வண்டி பறந்தது. டாங்கு நிரம்பியிருந்தால் டப்பா இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? என் கவனமே என் கண்ணைக் கட்டிவிட்டது.

மேலே டீ குடிக்கும்போது வசந்தா கேட்டாள். "ஏறுறது சரிண்ணே. எனக்கு இறங்கையிலதான் பயம். அதுக்கு ஒண்ணும் செய்யாதுல்ல?"

"இறக்கத்துல பம்ப்புக்கு வேலையே இல்லத்தா. நீ கண்ண மூடிக்கிட்டு வா."

நம் பள்ளத்தாக்குக்காரர்கள் எப்படி மலை இறங்குவார்கள் என்று வெளியூர்க்காரனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். மேலே பங்க்கில் யாரும் பெட்ரோல் போட மாட்டோம். விலை கொஞ்சம் கூடுதல் என்பது ஒரு பக்கம், அதைவிடப் பெரிய காரணம் இறக்கத்துக்கு எதுக்குப் பெட்ரோல் என்ற நினைப்பு. ரிசர்வ் லைட் எரிந்தாலும் நியூட்ரலில் போட்டு உருட்டிக்கொண்டு கம்பம் வந்து, கீழே பங்க்கில் போட்டுக்கொள்வோம். ஜீப்பில் செய்தோம், இப்போது காரில் செய்கிறோம். நானும் அப்படித்தான் இறங்குவேன், என் வீட்டுக்காரி திட்டத் திட்ட. அப்படியிருக்க, டாங்கின் அடியில் நாலு லிட்டரை வைத்துக்கொண்டு மூக்கைக் கீழே குத்தியபடி நியூட்ரலில் வளைவு வளைவாக இறங்குகிற வண்டிக்கு, டப்பா இல்லாமல் பம்ப் போட்டிருக்கிறேன். பம்ப்பிடம் எல்லாக் கேள்வியும் கேட்டேன். ஈஸ்வரனிடம், எவ்வளவு பெட்ரோல் வைத்துக்கொண்டு இறங்குவாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கவே வேண்டாம், அது எனக்குத் தெரிந்ததுதான்.

திங்கட்கிழமை நந்தினி நல்லபடியாகக் காலேஜில் சேர்ந்தாள். அடுத்த மாதம் ஒரு மத்தியானம், தோட்டத்திலிருந்து இரண்டு பேரும் இறங்கி வரும்போது, கடைசிக்கு முந்தின வளைவில் வண்டி சுவரை உடைத்துக்கொண்டு கீழே போனது. வசந்தா அந்த இடத்திலேயே போய்விட்டாள். ஈஸ்வரனுக்குக் கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

தேனியில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நியூட்ரல்ல வரையில பெட்ரோல் தீந்துருச்சுண்ணே. என்ஜின் நின்னு போச்சு. ஸ்டியரிங்கு மரம் மாதிரி ஆயிருச்சு. பிரேக்க ரெண்டு தடவ அமுக்குனேன், மூணாவது தடவ கல்லு. மேலயே ரெண்டு லிட்டர் போட்டுக்கங்கன்னு அவ சொன்னாண்ணே. பாப்பாட்ட போன்ல பேசிக்கிட்டே சொன்னா. நான்தான் இறக்கத்துக்கு எதுக்குன்னேன்."

அதைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது என்று சொல்ல ஆசை. உண்மையில், பெட்ரோல் தீர்ந்ததாகவே இருக்கட்டும் என்று கும்பிட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிப் படி இறங்கினேன்.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வண்டியைப் போட்டிருந்தார்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். பிரேக், ஸ்டியரிங் இரண்டிலும் உடைந்த பாகம் எதுவுமில்லை. இருக்காது. என்ஜின் நின்றால் அதன் உதவி போய்விடும், பாகங்கள் நன்றாகத்தான் இருக்கும். வழக்கமாக வண்டி பார்க்கிற மெக்கானிக் யார் என்று கேட்டார். நான்தான். வசந்தாவின் அண்ணன் தம்பிகள் மூன்று பேர் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றார்கள். யாரை வெட்டலாம் என்று தேடுகிற முகம் அது.

"சமீபத்துல என்ன வேல பாத்தீங்க?"

"பம்ப் மாத்துனேன் சார்."

"வண்டியில ஏதாச்சும் கோளாறு இருந்துச்சா?"

"ஒண்ணும் இல்ல சார்."

எழுதிக் கொடுக்கச் சொன்னார். வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை, நல்ல நிலையில் ஒப்படைத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பயந்தேன், அவ்வளவுதான். அதற்கு வேறு நல்ல பெயர் எதுவும் வைக்க வேண்டாம்.

பத்து நாள் கழித்து வண்டியை விடுவித்து, என் பட்டறைக்குப் பின்னால் கொண்டுவந்து போட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் யாரும் இல்லாத நேரம் பார்த்து டாங்கைத் திறந்தேன். உள்ளே பெட்ரோல் இருந்தது. நாலு லிட்டருக்குக் குறையாது. வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, மெட்டுச் சாலை எவ்வளவு சாயுமோ அவ்வளவு சாய்த்தேன். வெளியிலிருந்து பேட்டரி கொடுத்து பம்ப்பை ஓட்டினேன். பெட்ரோல் முழுவதும் முன் மூலைக்குப் போயிருந்தது, பம்ப் நடுவில் காய்ந்த தரையில் நின்று காற்றை உறிஞ்சியது. பெட்ரோல் இல்லாமல் ஓடும் பம்ப் எப்படி அழும் என்று உங்களுக்குத் தெரியும். ஜாக்கியை இறக்கினேன், சத்தம் நின்றது. மறுபடி ஏற்றினேன், மறுபடி அழுதது. எத்தனை தடவை செய்தேன் என்று ஞாபகமில்லை.

நியூட்ரலில் போட்டது ஈஸ்வரன், கியரில் இருந்திருந்தால் சக்கரமே என்ஜினைச் சுழற்றியிருக்கும். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் நியூட்ரலில் போட்ட எல்லோரும் வீட்டுக்கு வந்து சேர்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். என்ஜினை நிறுத்தியது நான்.

அடுத்த வாரம் பழைய இரும்பு வாங்குகிறவர்கள் வந்து வண்டியை வெட்டிக் கொண்டுபோனார்கள். நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல், கட்டர் ஒயருக்கு பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறது என்று காட்டினேன்.

கோர்ட்டில் ஈஸ்வரன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஆமாங்கய்யா, என் தப்புதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டார். வசந்தாவின் வீட்டார் முகம் கொடுப்பதை நிறுத்தினார்கள். அதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார். நந்தினி பேசுவதை நிறுத்தினாள், அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. லீவுக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். அப்பா போன் செய்தால் எடுக்க மாட்டாள். சுருளிப்பட்டியிலிருந்து வருகிறவர்கள் இதைச் சொல்லும்போதெல்லாம் நான் ஏதாவது பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொள்வேன். ஒரு பெண் தன் அப்பனை அம்மாவைக் கொன்றவனாக நினைத்துக்கொண்டிருக்கிறாள், அது அப்படி இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் பிளக் துடைத்துக்கொண்டிருக்கிறான்.

ஒரே ஆள் என்று சொல்வது தப்பு. ஜாய்ஸுக்குத் தெரியும். விபத்துக்குப் பிறகு கடைக்குப் போனபோது, "அந்த வண்டிதானேண்ணே?" என்று மட்டும் கேட்டாள். "நியூட்ரல்ல இறக்கியிருக்காக," என்றேன். நான் கேட்ட பெல்ட்டை எடுத்துக் கொடுத்தாள். அப்புறம் கொஞ்ச நாளில் டாங்கைத் திறக்கவே எனக்குக் கை வராமல் போனது. வயசாகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிப் பட்டறையை மூடினேன். கடைசியாக அவள் கடைக்குச் சொல்லிக்கொள்ளப் போனேன்.

"ராத்திரி தூக்கமே இல்ல ஜாய்ஸு. எனக்காக ஜெபம் பண்ணிக்க," என்றேன்.

"பண்ணுறேண்ணே. நீங்க சுருளிப்பட்டிக்கு எப்பப் போறீக?"

அதற்குப் பிறகும் ஆறு மாதம் நான் சுருளிப்பட்டிப் பக்கம் போகவில்லை.

போன அன்று ஈஸ்வரன் திராட்சைப் பந்தலுக்கடியில் கத்தரியால் கொடிகளைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். என்னைப் பார்த்ததும் துண்டால் கல்லைத் தட்டி உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. டப்பாவில் ஆரம்பித்து, ஜாய்ஸ் சொன்னது, நான் கேட்காதது, டாங்கில் பெட்ரோல் இருந்தது, ஜாக்கி போட்டுப் பார்த்தது, கோளாறு இல்லை என்று எழுதிக் கொடுத்தது வரைக்கும் சொல்லி முடித்தேன். அவர் கத்தரியை மூடிப் பையில் போட்டுக்கொண்டார்.

"இதச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தீக?"

"ஆமா ஈஸ்வரா."

"யாரு சொல்லிவிட்டது? எந் தவிப்பப் பொறுக்காம எங்க அக்காவா?"

"யாரும் சொல்லல. நெசம். பெட்ரோல் தீரல. நான் போட்ட பம்ப்தான் நிறுத்துச்சு."

அவர் சிரித்தார். இரண்டு வருடத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"நெசம்னா அன்னைக்கே சொல்லியிருப்பீகள்ல. எனக்கு உங்களத் தெரியாதாண்ணே? ஒரு போல்ட்டு மாறிப் போச்சுன்னு வீட்டுக்கே வந்து மாத்திக் குடுத்துட்டுப் போன ஆளு நீங்க. இத ரெண்டு வருசம் வயித்துல வச்சிருப்பீகளா? எம் பாரத்தக் கொஞ்சம் எறக்கணும்னு வந்திருக்கீக. வேணாம்ணே. எம் பொண்டாட்டி போட்டுக்கங்கன்னு சொன்னா, நான் போடல. அது எனக்கே இருக்கட்டும்."

சத்தியம் செய்தேன். என் பிள்ளைகள் தலையைச் சொல்லிச் சத்தியம் செய்தேன். பிள்ளைகளை எதற்கு இழுக்கிறீர்கள் என்று கோபித்துக்கொண்டார். அப்புறம் இளநீர் வெட்டிக் கொடுத்து, அந்தக் காலோடு பஸ் நிற்கிற இடம்வரை என்கூட நடந்து வந்தார்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். பம்ப் தப்பானால் மாற்றலாம். டப்பாவை அறுத்தவன் மறு வாரமே வண்டியைத் திரும்பக் கூப்பிட்டு அசெம்பிளியை மாட்டியிருக்கலாம், அதற்கு ஒரு மாதம் எனக்கு இருந்தது. விபத்துக்குப் பிறகும்கூட, அந்த இன்ஸ்பெக்டர் கேட்ட நிமிஷத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் வண்டி அங்கேயே நின்றிருக்கும், யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்திருக்கலாம். உண்மைக்கு ஆதாரம் இருந்த நாட்களில் பொய் சொன்னேன். இப்போது உண்மையைச் சொல்கிறேன், கையில் ஒரு திருகாணிகூட இல்லை. ஸ்டேஷனுக்கும் போய்ச் சொன்னேன். கேஸ் முடிந்துவிட்டது பெரியவரே, வீட்டுக்குப் போங்கள் என்றார்கள்.

விடாமல் மதுரைக்குப் போனேன். காலேஜில் பார்வையாளர் அறையில் உட்கார வைத்தார்கள். நந்தினி வெள்ளை உடுப்போடு வந்து எதிரே நின்றாள். சின்னப் பிள்ளையாகப் பட்டறைக்கு வரும்போது பெரியப்பா என்று கூப்பிடுகிறவள். அன்று எந்த முறையும் வைக்கவில்லை. நான் சொன்னதை முழுசாகக் கேட்டாள்.

"அப்பா அனுப்புனாரா?"

"இல்லத்தா. நான் வந்ததே அவருக்குத் தெரியாது."

"வண்டியில கோளாறு இல்லன்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தது நீங்கதானே? கேஸ் பேப்பர் எல்லாம் எங்க பெரிய மாமா வச்சிருக்காரு. நான் படிச்சிருக்கேன்."

"அது பொய்த்தா. பயத்துல எழுதுனது."

"அப்ப நீங்க பொய் எழுதுற ஆளு. இன்னைக்குச் சொல்றது மட்டும் எப்படி நெசம்?"

ஜாய்ஸ் என்று ஒருத்தி இருக்கிறாள், அவளுக்குத் தெரியும், அவளிடம் கேள் என்றேன். அவள் நம்பரை எழுதி நீட்டினேன். வாங்கவில்லை.

"எங்கம்மா எங்கிட்டக் கடைசியாப் பேசுனது என்ன தெரியுமா? உங்கப்பா பெட்ரோல் போடாம இறக்குறாரு பாருடின்னு சிரிச்சாக. அத என் காதுல கேட்டேன். நீங்க சொல்லி அது மாறிருமா?" கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "டூட்டி இருக்கு. பஸ் ஏறிருங்க."

ஊருக்கு வந்து மூன்றாம் நாள் காலையில் ஈஸ்வரன் போன் செய்தார்.

"அண்ணே, மதுரைக்குப் போனீகளா?"

"போனேன்."

"பாப்பா நேத்துக் கூப்புட்டுச்சு. ரெண்டு வருசத்துல மொதத் தடவ. ஆள விட்டுப் பொய் சொல்லச் சொல்றீகளான்னு கேட்டுச்சு. இனிமே யாரையும் அனுப்பாதீகன்னு சொல்லிப் போன வச்சிருச்சு."

"ஈஸ்வரா, நான் கெடுத்துட்டேன். அதையும் கெடுத்துட்டேன்."

"அதெல்லாம் இல்லண்ணே. குரலு அவ அம்மா குரலாட்டமே ஆயிருச்சு, அது எனக்குத் தெரியவே தெரியாது. உங்க புண்ணியத்துல அதயாச்சும் கேட்டேன்."